பீநாறி மரமும் திருவொற்றியூர் தீக்குச்சியும்



ஒரு மாசமா எங்க வீட்டுல ஒரே பேச்சுதான். மேட்டு நிலத்துல மிச்சம் நிக்கிற மரங்களை வெட்டுறதா, விடுறதா? பையன் வெட்டிடலாம் என்கிறான். வீட்டுக்காரம்மா எதுவும் சொல்வதில்லை, ஆனா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகும்போது மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருகிறார். நான் என்ன முடிவு எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுக்கு முன்னால அந்த மரத்தோட கதையைச் சொல்லணும். கதை எங்க பொன்னேரி பக்கத்துல ஆரம்பிச்சு, திருவொற்றியூர் வழியா சுவீடன் வரைக்கும் போகுது.

மரத்தின் பேர் பீநாறி. சிரிக்காதீங்க, அதுதான் பேர். இலையைக் கசக்கி மோந்து பார்த்தால் பேருக்கான காரணம் தெரிந்துவிடும். மரியாதையாகச் சொல்பவர்கள் பெருமரம் என்பார்கள். வியாபாரிகள் வாயில் தீக்குச்சி மரம். 2014-ல் என்னுடைய 60 சென்ட் மேட்டு நிலத்தில் 172 கன்று நட்டேன். நெல்லுக்குத் தண்ணீர் ஏறாத நிலம் அது. கேழ்வரகு போட்டால் மயிலுக்கே சரியாகப் போகிறது. சரி, மரமாவது நிக்கட்டுமே என்று நட்டதுதான்.

ஆனா இந்த மரத்தை எனக்கு முதன்முதலில் அறிமுகப்படுத்தியது வயல் இல்லை, திருவொற்றியூர்.

எங்க அம்மாவின் தம்பி, என் மாமா, திருவொற்றியூரில் ஒரு மரவாடியில் வேலை செய்தார். லாரியில் வரும் மரத்தை இறக்குவது, இனம் பிரித்து அடுக்குவது, அளப்பது. பள்ளிக்கூட லீவு விட்டால் நான் பொன்னேரியில் ரயில் ஏறிவிடுவேன். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், அடுத்து விம்கோ நகர், அதுக்கப்புறம் திருவொற்றியூர். எண்ணூர் தாண்டினதும் ஒரு பக்கம் கடல் காத்து, இன்னொரு பக்கம் கம்பெனிப் புகை. "விம்கோ நகர்னா என்ன மாமா, யார் பேரு அது?" என்று கேட்டேன். "ஆள் பேரு இல்லடா, தீப்பெட்டி கம்பெனி பேரு" என்றார். ஒரு தீப்பெட்டிக்கு ரயில் நிலையமா என்று எனக்கு ஆச்சரியம். இப்போ 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயிலும் அங்கே வரைக்கும் போகிறது. தினமும் அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு இறங்குகிற உங்களில் எத்தனை பேருக்கு அது தீப்பெட்டியின் பேர் என்று தெரியும்?

மரவாடியில் மாமா எனக்குக் கத்துக்கொடுத்த முதல் பாடம், மரத்தைப் பார்க்காதே, தொடு என்பது. கட்டைவிரல் நகத்தை வெட்டுமுகத்தில் அழுத்தச் சொல்வார். நகம் பதிந்தால் மெத்து மரம். பதியாவிட்டால் வைர மரம். பிறகு மோந்து பார். பிறகு தூக்கிப் பார். கடைசியாத்தான் கண்ணு. "கண்ணு ஏமாத்தும்டா, மூக்கு ஏமாத்தாது" என்பார்.

படித்தவர்கள் கணக்கு வேற மாதிரி. தாவரவியல்படி பைன், தேவதாரு மாதிரி ஊசியிலை மரங்கள் எல்லாம் மென்மரம், அகன்ற இலை மரங்கள் எல்லாம் வன்மரம். அந்தக் கணக்கில் நகம் பதியும் இலவமரமும் பீநாறியும்கூட வன்மரம்தான்! நமக்கு அந்தக் கணக்கு உதவாது. சமவெளியில் நம்மிடம் ஊசியிலை மரம் ஏது? மலையில் இருப்பது, இல்லாவிட்டால் கப்பலில் வருவது. நம்ம தச்சருக்கு மெத்து மரம் என்றால் இலவு, பீநாறி, மலைவேம்பு, முள்முருங்கை இந்த வகைகள்தான்.

கப்பலில் வந்த மரத்துக்கும் வடசென்னையில் ஒரு பேர் உண்டு. கள்ளிப்பெட்டி என்று உங்க தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் சாமான் அனுப்பிய பைன் மரப் பெட்டிதான் அது. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்பட்டவைதான் இரண்டும். இரும்பு வண்டியாகி ரோட்டுக்குப் போகும். அந்த மாதிரிச் சாமான் வந்த பலகை எல்லாம் மரவாடிக்கு வரும். அதில் கோழிக்கூண்டு, அலமாரி, குடிசைக் கதவு என்று எத்தனையோ செய்தார்கள். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்த பிறகு பெட்டி குறைந்து, அடியில் வைக்கும் பேலட் பலகை பெருகியது.

இன்றைக்கும் மணலி, திருவொற்றியூர் பக்கம் பழைய பேலட் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். பலகையின் ஓரத்தில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்து, எண், பிறகு எச்.டி. அல்லது எம்.பி. என்று இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு விஷப்புகை போட்டது. மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு போகக் கூடாது என்று 2002-ல் உலக நாடுகள் ஒத்துக்கொண்ட விதி இது. எம்.பி. முத்திரை உள்ளதை அடுப்பில் வைக்காதீர்கள், குழந்தைக்குக் கட்டிலும் செய்யாதீர்கள். பைன் மரத்தை மோந்தால் கற்பூரத் தைல வாசனை வரும். வெட்டுமுகத்தில் வளையங்கள் வெளிர், பழுப்பு என்று மாறி மாறிப் பட்டையாகத் தெரியும். கண்ணும் மூக்கும் இரண்டும் ஒத்துக்கொள்கிற மரம் அது.

சரி, நம்ம மரத்துக்கு வருவோம்.

மெத்து மரத்துக்கும் வடசென்னைக் கடற்கரைக்கும் தொடர்பு தீப்பெட்டிக்கு ரொம்ப முன்னாடியே உண்டு. சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல் எல்லாம் நடுக்கடலில் நிற்கும். ஆளையும் சாமானையும் கரை சேர்த்தது கயிற்றால் தைத்த மசூலா படகு. அலை ஓயாத நாளிலும் கடிதத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோனவர் கட்டுமரக்காரர். தலையில் கூம்புத் தொப்பி, அதற்குள்ளே நனையாமல் கடிதம். 1697-ல் வெளியான தன் பயணப் புத்தகத்திலேயே வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதிவிட்டார். நம்ம சொல் அப்படியே இங்கிலீஷுக்குப் போய் கேட்டமரான் ஆனது. 1875-ல் துறைமுக வேலை தொடங்கி, 1881 நவம்பர் புயலில் அலைதடுப்புச் சுவர் சிதைந்து, மறுபடி கட்டி, அப்புறம்தான் கப்பல் கரையணைந்தது.

கட்டுமரம் மிதப்பதற்கு ஓட்டைப்படகு மாதிரி உள்ளே காற்று இல்லை. மரமே மிதக்கணும். அதனால் எடை குறைந்த மெத்து மரம்தான் வேண்டும். மலைவேம்பு, முள்முருங்கை, அல்பீசியா, நம்ம பீநாறியும்கூட. மெத்து மரம் தண்ணீர் குடிக்கும். அதனாலதான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனியாக மணலில் காயவைத்தார்கள். "அவுத்துக் காயப்போட்டாத்தான் நாளைக்கு மிதக்கும்" என்று காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் மாமாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பிறகு ஃபைபர் படகு வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஃபைபர் படகுகள் குவிந்தன. மெத்து மரத்துக்கு அந்த வாசல் ஏறக்குறைய மூடிவிட்டது.

இனி தீப்பெட்டி.

உரசுகிற பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் வைக்கும் முறைக்கு 1844-ல் காப்புரிமை வாங்கியவர் சுவீடன்காரர் குஸ்தாஃப் எரிக் பாஷ். அதைப் பெரிய தொழிலாக்கியவர்கள் யோன்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது அங்கே விளையும் ஆஸ்பென் என்ற பாப்லர் வகை மரம். வெள்ளையா, நேர் நாரா, மணமில்லாமல் இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னே நம்ம வீட்டு அடுப்பு எரிந்ததும் சுவீடன் குச்சியிலும் ஜப்பான் குச்சியிலும்தான்.

1922-ல் ஆங்கிலேய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. குரோஸ் என்றால் 144 பெட்டி. ஒன்றரை ரூபாய் என்றால் 24 அணா, அதாவது 288 தம்படி. ஒரு பெட்டிக்கு இரண்டு தம்படி வரி! வரி போட்டது கஜானாவுக்காக. ஆனால் அந்த இரண்டு தம்படி இரண்டு ஊர்களின் தலையெழுத்தை மாற்றிவிட்டது.

ஒன்று சிவகாசி. அந்த 1922-லேயே அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, 1923-ல் சிவகாசியில் தொடங்கினார்கள். வானம் பொய்க்கும் பூமி, குச்சி காய வெயிலுக்குப் பஞ்சமில்லை, வேலைக்கு ஆளுக்கும் பஞ்சமில்லை.

இன்னொன்று திருவொற்றியூர். வரிச்சுவருக்கு வெளியே நின்று விற்க முடியாது என்றதும் சுவீடன்காரர்கள் சுவருக்கு உள்ளேயே வந்துவிட்டார்கள். அதே 1923-ல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, உருவானது. பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத், வடக்கே பரேலி, கல்கத்தா, அசாமில் துப்ரி, நம்ம பக்கம் திருவொற்றியூர் என்று தொழிற்சாலைகள் எழுந்தன. பின்னால் இருந்த பெரும்புள்ளி ஐவர் குரூகர். பல நாட்டு அரசுகளுக்கே கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோகத்தை வாங்கிக்கொண்ட மனிதர். 1932 மார்ச்சில் பாரிஸில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவருடைய சாம்ராஜ்யம் சரிந்தது. திருவொற்றியூரில் குச்சி உரிப்பது நிற்கவில்லை.

தொழிற்சாலையை ஏன் அங்கே வைத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் துறைமுகம். மெத்து மரம் எங்கிருந்து வந்தாலும் சீக்கிரம் வந்து சேரணும். அந்தமான் காட்டு பபிதா, டிடு மரங்கள் தாய்நாட்டுத் தீப்பெட்டி ஆலைகளுக்குக் கப்பலில் வந்தன. கேரளத்திலிருந்து மட்டி மரம் வரும். மட்டி என்பது பீநாறிக்குச் சொந்த அண்ணன். அதன் பிசின்தான் ஊதுபத்தியில் போடும் மட்டிப்பால். தம்பி நாறுவான், அண்ணன் மணப்பான்! சமவெளியிலிருந்து பீநாறி.

பீநாறிக்கு விஞ்ஞானப் பேர் அய்லாந்தஸ் எக்செல்சா. பேர் வைத்தவர் நம்ம சோழமண்டலக் கரையின் செடிகளை வரையவைத்து 1795 முதல் புத்தகமாகக் கொண்டுவந்த வில்லியம் ராக்ஸ்பர்க். அய்லாந்தஸ் என்பது இந்தோனேசியப் பக்கத்து அம்பான் தீவுச் சொல்லிலிருந்து வந்ததாம். வானத்து மரம் என்று அர்த்தம். அங்கே வானத்து மரம், இங்கே பீநாறி. பேர் வைக்கிற விஷயத்தில் நம்ம ஆட்களுக்கு இரக்கமே கிடையாது.

மரவாடியில் பலரும் மலைவேம்பையும் பீநாறியையும் குழப்பிக்கொள்வார்கள். வித்தியாசம் எளிதுதான். பீநாறி இலை ஒரே காம்பில் இரண்டு வரிசையாக வரும். முழு இலை ஒரு கை நீளத்துக்கு மேலும் போகும். சிற்றிலையின் ஓரம் பெரிய பெரிய பல்லாக வெட்டியிருக்கும். மலைவேம்பில் காம்பு கிளைத்து, கிளையிலும் இலை வரும். பீநாறிப் பட்டை சாம்பல் நிறம், சொரசொரப்பு. இளங்கிளையில் இலை உதிர்ந்த தழும்பு பெரிதாகத் தெரியும். மாசி, பங்குனியில் மொட்டையாக நிற்கும். வெயில் காலக் கடைசியில் காய் காற்றில் பறக்கும். நடுவில் ஒரு விதை, இரண்டு பக்கமும் முறுக்கிய செம்பு நிறச் சிறகு. அந்த விதையைச் சேர்த்துவைத்து அடுத்த வருஷம் போடலாம் என்று நினைத்தால் முளைக்காது. சில மாதத்திலேயே உயிர் போய்விடும். இலவு என்றால் சொல்லவே வேண்டாம், அடிமரத்து முள்ளும், கைவிரல் மாதிரி விரிந்த இலையும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டின பிறகு? புதுசாக அறுத்த பீநாறி வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை. நடுவில் வைரம் பாய்ந்த கறுப்பு கிடையாது. எல்லாம் ஒரே நிறம். நார் நேராக ஓடும். ஒரு கன மீட்டர் காய்ந்த மரம் சுமார் 450 கிலோ. ஆணி அடித்தால் பிளக்காது. ரம்பம் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். இழைப்புளி மட்டும் கூராக இருக்கணும். மழுங்கின உளியில் இழைத்தால் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். உத்தரம், தூண் இதுக்கெல்லாம் ஆகாது, உளுத்துவிடும். பெட்டி, மத்தளம், பொம்மை, தீக்குச்சி, இதுதான் அதன் வேலை.

குச்சி எப்படி வருகிறது என்று மாமா ஒரு பென்சிலை வைத்துக் காட்டினார். மரத்தைத் துண்டு போட்டு, பட்டை உரித்து, கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிடுவார்கள். நீளமான கத்தி ஒன்று விடாமல் சீவிக்கொண்டே வரும். பென்சில் சீவும்போது சுருள் வருமே, அதுபோல ஒரு தீக்குச்சிக் கனத்தில் மரம் பாய் மாதிரி விரியும். அதை அடுக்கி நறுக்கினால் குச்சி. அணைத்த பிறகு கங்கு நிற்காமல் இருக்க ஒரு மருந்துத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, மெழுகில் தோய்த்து, பிறகு தலைக்கு மருந்து. மெழுகைக் குடிக்கிற மரமாக இருந்தால்தான் தீ தலையிலிருந்து குச்சிக்கு இறங்கும். வைர மரம் மெழுகைக் குடிக்காது. பீநாறி குடிக்கும்.

ஆனால் உரிப்பதற்கு ஈரம் வேணும். காய்ந்துபோன கட்டையை உரித்தால் பாய் வராது, பொடிதான் வரும். அதோடு மெத்து மரத்தில் சர்க்கரையும் மாவும் நிறைய. வெட்டிப்போட்ட சில நாளில் பூஞ்சை ஏறி நீலம் பூக்கும். நீலம் பூத்தால் குச்சி கறுக்கும். அதற்காகத்தான் பெரிய இடங்களில் கட்டையைத் தண்ணீரில் முக்கிவைப்பார்கள். மாமா சொன்னது: "வெட்டின பீநாறி, புடிச்ச மீன் மாதிரிடா. கரைக்கு வந்துச்சுன்னா அன்னிக்கே வித்துடணும்."

இந்த ஒரு வரியை மறந்ததுக்கு நான் கொடுத்த விலை 29,700 ரூபாய்.

2022-ல் மரங்களுக்கு எட்டு வயசு. ஒரு தரகர் வந்தார். "அண்ணே, டன்னுக்கு 5,500 தர்றேன், 60 மரம் வெட்டிப் போடுங்க, மூணாம் நாள் லாரி வந்துடும்" என்றார். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். ஐப்பசி மாசம். வெட்டிப் போட்டேன். மூணாம் நாள் லாரி வரவில்லை, மழை வந்தது. லாரி வந்தது 18-ஆம் நாள். தரகர் வெட்டுமுகத்தை விரலால் தேய்த்துக் காட்டினார். நீலம். "இது குச்சிக்கு ஆவாதுண்ணே, விறகுக்குத்தான் ஆவும்" என்று டன்னுக்கு 2,800 கொடுத்தார். 11 டன். 60,500 வரவேண்டிய இடத்தில் 30,800. அவரை மட்டும் குறை சொல்லி என்ன பண்றது? பதினஞ்சு வயசில் மாமா காதில் போட்டதை ஐம்பது வயசில் மறந்தவன் நான்தானே. மழைக்காலத்தில், வாங்குகிறவன் வாசலில் நிற்காமல், கோடாலியை எடுத்தது என் தப்பு.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்க தாத்தா காலத்தில் 25 கிலோமீட்டரில் திருவொற்றியூர் இருந்தது. காலையில் ஏற்றினால் மத்தியானம் மரம் இறங்கிவிடும். இப்போது என் மரம் குடியாத்தம், சிவகாசி, கோவில்பட்டி என்று போகணும். இடையில் லாரி, இடையில் தரகர். மெத்து மரத்துக்குத் தூரம்தான் முதல் எதிரி.

இந்தத் தூரம் எப்படி வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு இயந்திரத் தீப்பெட்டிக்கு அதிக வரி, கையால் செய்யும் சின்னப் பட்டறைக்குக் குறைந்த வரி என்று அரசு பிரித்தது. ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட கொள்கை அது, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனா அதனால் சந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் காட்டு மரத் தீர்ப்பு, 2002 மே மாதம் அந்தமானுக்குத் தனி உத்தரவு என்று காட்டு மர வரத்தும் சுருங்கியது. விம்கோ வடக்கே உத்தரப்பிரதேச விவசாயிகளைப் பாப்லர் நட வைத்தது. வரப்பு ஓரத்தில் பாப்லர், நடுவில் கோதுமை. ஆனா பாப்லருக்குக் குளிர் வேண்டும், நம்ம வெயிலுக்கு வராது. நமக்குப் பீநாறிதான். 2005-ல் விம்கோ ஐ.டி.சி. கைக்குப் போனது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்காரர்கள் விவசாயிகளிடம் தீக்குச்சி மரம் நடச் சொல்லி, ஆலையோடு ஒப்பந்தம் போட்டுத் தரும் திட்டமும் கொண்டுவந்தார்கள். நான் அப்படி ஒப்பந்தத்தில் சேராமல், நாமே வித்துக்கலாம் என்று தனியாக நட்டவன்.

விலையையும் பாருங்கள். 2007-லிருந்து தீப்பெட்டி ஒரு ரூபாய். 14 வருஷம் கழித்து, 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. அந்த 14 வருஷத்தில் டீசல், கூலி, உரம், டீ எதுவாவது அதே விலையில் நின்றதா? நடுவில் பிளாஸ்டிக் லைட்டர் வேறு. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. அன்றைக்கு இரண்டு தம்படி வரி, இன்றைக்கு 20 ரூபாய் தடை. எங்கேயோ போடுகிற ஒரு கையெழுத்து, என் மேட்டு நிலத்து மரத்தின் விலையைத் தீர்மானிக்கிறது. இது நெல்லுக்கும் அப்படித்தான், கரும்புக்கும் அப்படித்தான். மரம் என்றால் எட்டு வருஷம் முன்னாடியே அந்தக் கையெழுத்தை ஊகிக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாசம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் சரியாகத் தெரிவதில்லை. மடியில் ஒரு துண்டு பீநாறியை வைத்தேன், எங்க நிலத்து மரம் என்று சொல்லாமல். நகத்தை அழுத்தினார். மோந்தார். நாக்கில்கூட வைத்துப் பார்த்தார், லேசாகக் கசக்கும். "பெருமரம்" என்றார். பிறகு வெட்டுமுகத்தைத் தடவிவிட்டு, "ஏன்டா, ரொம்ப நாள் போட்டு வச்சிட்டியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வரும்போது விம்கோ நகரில் ரயில் நின்றது. காதில் இயர்போன் மாட்டிய பிள்ளைகள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

இப்போ என் முடிவு. மிச்சம் நின்ற 112 மரத்தில் 9 மரம் பூச்சியிலும் காற்றிலும் போய்விட்டன. கூண்டுப்புழு கட்டி இலையைத் தின்னும் பூச்சி ஒன்று இந்த மரத்துக்கு உண்டு. பாக்கி 103. அதில் 80 மரத்தை வரும் மாசியில், மழை இல்லாத நாளில், இலை உதிர்ந்த பிறகு வெட்டப்போகிறேன். இந்த முறை தரகர் இல்லை. பக்கத்து ஊரில் இதே மரம் வைத்திருக்கும் இரண்டு பேரோடு சேர்ந்து, ஒரே லோடாகக் குச்சி உரிக்கும் ஆலைக்கே பேசியிருக்கிறோம். லாரி வாசலுக்கு வந்த பிறகுதான் கோடாலி. எந்தத் தேதியில் ஏற்றுவது, எடை எங்கே போடுவது என்று தாளில் எழுதிக் கையெழுத்து. ஒருவேளை லாரி தாமதமானால் ஏரிக்கரைக் குட்டையில் கட்டையை உருட்டிவிட ஆள் தயார்.

மீதி 23 மரம் நிற்கும். பையனிடம் சொல்லிவிட்டேன். ஆட்டுக்குத் தழை வேண்டும், ராஜஸ்தான், குஜராத்தில் இந்த மரத்தைத் தழைக்காகவே வளர்க்கிறார்கள். விதைக்கும் நாலு தாய் மரம் வேண்டும். பையன், "சரிப்பா, ஆனா திரும்ப நடுறதா இருந்தா ஒப்பந்தம் போட்டுட்டு நடு" என்றான். நியாயமான பேச்சு. வீட்டுக்காரம்மா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனா சாயங்காலம் அரிவாளை எடுத்துக்கொண்டு எந்த 23 மரம் நிற்கணும் என்று அடையாளம் போட்டுவிட்டு வந்தது அவர்தான்.

இன்றைக்கு இரவு விளக்கேற்றும்போதோ அடுப்பு பற்றவைக்கும்போதோ, குச்சியைத் தட்டுவதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெள்ளையாக, நேர் நாராக இருந்தால் அது சீக்கிரம் கரை சேர்ந்த மரம். சாம்பல் நீலம் ஓடியிருந்தால், எங்கேயோ ஒருத்தன் லாரிக்காகக் காத்திருந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாசியில் லோடு போனதும் என்ன விலை கிடைத்தது என்று கூட்டிக் கழித்து எழுதுகிறேன். வரட்டுமா?